அப்பா படித்த முன்னேற்றம்

கண்ணு,

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கை பழகியிருக்கிறது, இந்தத் தடவை அதை விட்டுவிடுகிறேன். ரிப்போர்ட் வந்த அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும், தள்ளித் தள்ளி இப்போதுதான் உட்கார்ந்தேன், கோபித்துக்கொள்ளாதே.

அப்பாவின் நுரையீரல் ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டது. நான் மருந்து வாங்கப் போயிருந்தபோது அவரே கவரைப் பிரித்து, கடைசி வரியில் புரோக்ரெஷன் என்ற வார்த்தையைப் பார்த்திருக்கிறார். உன் புரோக்ரஸ் ரிப்போர்ட்டில் வருஷக்கணக்காகக் கையெழுத்துப் போட்ட மனிதர் இல்லையா. முன்னேற்றம்னு எழுத்துலயே போட்டுட்டாங்கடி, மாத்திரை கேட்டுருச்சு என்றார். நான் வருவதற்குள் உன் அத்தைக்கும் போன் போட்டாகிவிட்டது, அத்தை ஒருத்தரையும் விடாமல் சொல்லிவிட்டார். ஆனால் முன்னேறியிருப்பது அந்தப் புற்றுக்கட்டி, கண்ணு. அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம்.

டாக்டர் கூப்பிட்ட நேரம் பார்த்து, ஆஸ்பத்திரி லிஃப்ட் சத்தமே சரியில்ல, எவன்டா இதைப் பார்க்கிறவன் என்று அப்பா அதன் மெக்கானிக்கைத் தேடிப் போய்விட்டார், இத்தனை வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த புத்தி போகுமா. நான் மட்டும் உள்ளே போனேன். கட்டியில இருக்கிற செல்லை வளரு வளருன்னு விரட்டுற சுவிட்ச் ஆன்லயே மாட்டிக்கிட்டு இருந்துச்சு, மாத்திரை அதை அமுக்கி வச்சுது, இப்ப அது வேற வழியா சிக்னலை எடுத்துக்குதும்மா என்றார் டாக்டரம்மா. எந்த வழி என்று தெரிந்தால் அதை அடைக்க வேறு மருந்து கிடைக்கலாமாம், கிடைக்காமலும் போகலாமாம். அதற்கு மறுபடியும் நெஞ்சில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், அடுத்த வாரம் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். போன தடவையே, இனி செத்தாலும் அந்த ஊசிக்குப் படுக்க மாட்டேன் என்றவர் அப்பா. குணமாகிட்டு வர்றவனை எதுக்குடி குத்தணும் என்றுதான் கேட்பார்.

தபால்ல காலேஜ் படிச்சவளுக்குச் சிரிக்கக்கூடத் தெரியல பாரு என்று அப்பா என்னைக் கேலி செய்தார், தலையை ஆட்டினேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. துணி மடித்தேன், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். யார் வீட்டிலோ நடப்பது போல இருக்கிறது. உன்னைப் பத்தொன்பது வயதில் பெற்றேன், நாம் இரண்டு பேரும் சேர்ந்தே வளர்ந்தவர்கள், அதனால்தான் உன்னிடம் மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்பீக்கரில் போட்டு உன்னிடம் சொல்லப் போகிறார், எம் பொண்ணுகிட்ட நான்தான் சொல்லுவேன், நீ வாயைத் திறக்காதே என்று எனக்குக் கண்டிப்பு வேறு. சந்தோஷம்ப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ சொல்லிவிட்டால் அதற்குமேல் அவர் யார் பேச்சையும் கேட்க மாட்டார். அம்மாவை வச்சுக்கிட்டு இன்னொரு தரம் படிங்கப்பா என்று சொல், போதும். மிச்சத்தை நான் சொல்லிக்கொள்கிறேன், எப்படி என்று இன்னும் தெரியவில்லை.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். அழுவதானால் சனிக்கிழமைக்குள் அழுது முடித்துவிடு, உன் குரல் கொஞ்சம் கம்மினாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

உன்
அம்மா