ஆதம் மலையில் அடித்த ஒற்றை மணி

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய ரஹ்மத் அக்கா அவர்களுக்கு,

குன்னத்திலிருந்து தங்கை சரோஜா வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் மறைந்து ஓராண்டு கடந்தபின்னரே இக்கடிதத்தைத் தொடங்குகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். உடம்பு அசந்துவிட்டது, முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை.

“ஏன் புள்ள, மச்சானுக்கு எழுதச் சொன்னா கலெக்டருக்கு மனு எழுதுற?” என்று லெப்பைக்குடிக்காட்டு வீட்டில் தாங்கள் சிரித்தது கேட்கிறது. பள்ளி செல்லாமல் தானாகவே எழுத்துக்கூட்டிப் படித்த எனக்குக் கை திருந்தியதே, துபாயிலிருந்த தங்கள் கணவருக்குத் தாங்கள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதித்தான். என் நடை இனி மாறாது.

இலங்கை சென்று வந்தேன் அக்கா. அங்கே ஆதம் மலை உச்சியில் பதிந்திருப்பது பாவா ஆதம் பாதம் என்பீர்கள். சிவன் பாதம் என்பேன் நான். “ரெண்டு பேரும் போயி ஏறுவோம்டி. யாரு பாதம்னு அங்கயே கேட்டுக்கலாம்” என்று முடித்துவைத்தீர்கள். இப்போது தனியே போனேன்.

அடிவாரத்தில் தேயிலை பறிக்கும் பெண்கள் தமிழர்கள். உள்ளங்கைச் சீனியை நக்கியபடி வெறுந்தேநீர் குடிக்கிறார்கள். பாதி மலையில் கால் ஓய்ந்து, தேநீர்க் கடைக்காரியிடம் கேட்டேன்: “இன்னும் எவ்வளவு தூரங்க?”

“அப்புடிக் கேக்கப்படாதும்மா. கேட்டா மலை நீண்டுக்கும்.”

அதற்குள் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்திருந்தேன். படிகள் முடியாமல் போனது அதனால்தானோ?

உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனை தடவை மலையேறினோமோ, அத்தனை தடவை அடிப்பது வழக்கம் என்று அவள்தான் சொன்னாள். “கூட அடிச்சா பொய்யும்மா.” முதல்முறை வந்த எனக்கு ஒன்றே உரிமை. தங்களுக்கும் சேர்த்து இரண்டாக அடிக்கவே எண்ணியிருந்தேன். கயிற்றைத் தொட்டதும் கை தயங்கியது. எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லி, “நான் சொல்லாதத எதுக்குடி சேத்த?” என்று கண்டிப்பவரல்லவா தாங்கள்?

ஒரே தடவை இழுத்தேன். தங்கள் பெயரைச் சொல்லி இழுத்தேன். நான் ஏறியதைத் தங்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

பாதத்தைத் துணியால் மூடி வைத்திருக்கிறார்கள். யாருடையது என்று நான் கேட்கவில்லை. தாங்கள் இல்லாமல் எப்படிக் கேட்பது?

எனக்கான மணி இன்னும் அடிக்கப்படவில்லை. ஆகவே மறுபடியும் ஏறியாக வேண்டும். இந்தக் காலோடு எவ்வாறு என்பது தெரியவில்லை, ஆயினும் ஏறுவேன்.

மணி அங்கே கேட்டதா, அக்கா? மச்சானுக்கான ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரியாகத் தாங்கள் சொன்னதையே எழுதுகிறேன்: சீக்கிரம் பதில் போடவும்.

இப்படிக்கு,
தங்கள் உடன்பிறவாத் தங்கை
சரோஜா