கலியபெருமாள் மாமாவுக்கு ஒரு சாயங்காலம்

ஜூன் 17, செவ்வாய்

வெயில். காலை எட்டு மணிக்கே தலை சுடுகிறது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகியும் உடம்பு குரோஷியா நேரத்தில்தான் இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் தூக்கம், படுத்தால் பசி.

பிளாக்கைச் சுற்றி ஓட்டம். எதிரே நடந்து வந்த அங்கிள்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி, அங்கே எத்தனை கோல் போட்டாய்? ஒன்றுமில்லை என்றால் அவர்கள் முகம் வாடிவிடுகிறது. ஃபுட்பாலில் நான் லெஃப்ட் பேக், இடப்பக்கத் தடுப்பு. கோல் போட வேண்டாம், போட விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். எத்தனை பேருக்குத்தான் விளக்குவது.

முதல் பாதி சீசன் முழுக்கப் போர்வை போர்த்திக்கொண்டு பெஞ்சில். அப்புறம் ஒருத்திக்குக் கால் சுளுக்கி, அவள் இடம் எனக்கு. பாவம் அவள். ஆனாலும் அந்தக் காலுக்கு ஒரு கும்பிடு. அங்கே நான் முதலில் கற்ற சொல் 'சீக்கிரம்'. கோச் வேறெதுவும் சொல்வதில்லை. பந்து வந்ததும் கொடு, வைத்திருக்காதே. இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. 24 கிளம்பணும்.

வாங்க: இட்லிப் பொடி, புளி, நல்லெண்ணெய், ரப்பர் செருப்பு. பண்ருட்டிப் பலாப்பழம் (அம்மாவின் யோசனை. விமானத்தில் விடமாட்டார்கள் என்றால் நம்பவில்லை).

ஜூன் 18, புதன்

க. மாமா இந்த மாதக் கடைசியில் ரிட்டையர் ஆகிறாராம். மைன்ஸில் அப்பாவோடு ஒரே பெல்ட்டில், நிலக்கரி ஏற்றிப்போகிற கன்வேயரில், வேலை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போகிறார்கள்.

சாயங்காலம் பார்க்கப் போனேன். அத்தை மட்டும் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில். மாமா செகண்ட் ஷிப்ட், மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை. "எப்பவும் செகண்டுதான். பழகிப்போச்சி" என்றார் அத்தை.

அப்போதுதான் உறைத்தது. என்னைப் பயிற்சிக்குக் கூட்டிப்போக அப்பாவுக்குச் சாயங்காலம் வேண்டும். அதற்காக அப்பாவின் செகண்ட் எல்லாம் மாமாவுக்கு, மாமாவின் ஃபர்ஸ்ட் எல்லாம் அப்பாவுக்கு. நான் பள்ளியில் பூட்ஸ் போட்ட நாளிலிருந்து இப்படித்தான். தொடர்ந்து செகண்ட் பார்க்கிறவருக்கு, வார லீவான வெள்ளியை விட்டால், சாயங்காலமே கிடையாது. ஆட்டமெல்லாம் சனி, ஞாயிறு சாயங்காலம்.

மாமா நான் ஆடி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஜூன் 19, வியாழன்

காலையிலேயே போய் மாமாவைப் பிடித்தேன். ஞாயிறு நாலரைக்கு நம் கிரவுண்டில் எங்கள் பழைய பெண்கள் அணிக்கும் இப்போதைய அணிக்கும் ஆட்டம், வாங்க என்றேன். செகண்ட் என்று சிரித்தார். அப்பாவுக்கு அன்று வார லீவு, ஷிப்ட்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன்.

"உங்கப்பன் ஒரு வருசமா பாப்பா எப்ப வரும் எப்ப வரும்னு கேட்டுகினு கெடக்கறான். அவன பெல்ட்டுல நிக்க வச்சிட்டு நான் குந்திகினு பாக்கறதா? வேணாம் பாப்பா."

காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

மாமாவின் ஞாயிறு ஷிப்ட்டைப் பார்க்கச் சொல்லி அப்பாவிடம் கேட்டுவிட்டேன். ஏற்கெனவே பளபளக்கிற ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. மழையிலும் ரெயின்கோட்டோடு கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நிற்கிற ஆள். அவரைப் போய் வராதே என்கிறேன்.

அம்மா திட்டு. "கேக்கறதுக்கு உனக்கு வேற ஆளே கெடைக்கலியா?"

ஜூன் 21, சனி

தூறல். புளி வாங்கியாயிற்று. செருப்பு அளவு இல்லை.

அப்பா நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறார். ஆட்டத்துக்கு வருகிறார் என்று அர்த்தம். சந்தோஷமாகவும் இருக்கிறது, ஏமாற்றமாகவும் இருக்கிறது. மாமாவை இனி வற்புறுத்தக் கூடாது.

ஜூன் 22, ஞாயிறு

நீலச் சட்டை ஆணியிலேயே தொங்குகிறது. ஒரு மணிக்கு அப்பா யூனிஃபார்மில் வந்து நின்றார். கையில் ஹெல்மெட், அம்மா கட்டிய டிபன் பாக்ஸ். வாசலில் செருப்பைத் தள்ளிவிட்டு பூட்ஸ் மாட்டிக்கொண்டே, "அவன் பாக்கட்டும்" என்றார். போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டு பாத்ரூமில் அழுதேன்.

நாலரை. மாமா இல்லை. முதல் பாதி முழுக்க ஆளைத் தேடியதில் என் பக்கமாகவே ஒரு கோல் விழுந்தது. இடைவேளையில் அத்தையைக் கேட்டால், அவர் எப்போதும்போல ஷிப்ட் பஸ் ஏறிப் போய்விட்டாராம். ஆக, இரண்டு பேருமே மைன்ஸில். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வேப்பமரத்தடிக் கோட்டோரம் ஒரு மஞ்சள் ஹெல்மெட். யூனிஃபார்ம், பூட்ஸ், முகமெல்லாம் நிலக்கரித் தூசி. உட்காரவில்லை. டியூட்டி பார்க்கிற மாதிரி நிற்கிறார் மாமா.

பக்கம் மாறிவிட்டதால் என் இடம் எதிர்க்கோடியில். வலப்பக்கம் ஆடிய சுகன்யாவிடம் கெஞ்சி இடம் மாற்றிக்கொண்டு மரத்துப் பக்கம் வந்தேன். லெஃப்ட் பேக், ரைட்டில். கோச் பார்த்திருந்தால் டிக்கெட்டையே ரத்து செய்திருப்பார். ஒன்றுக்கு ஒன்று. எங்கள் கோலை சுகன்யா போட்டாள்.

முடிந்ததும் மாமாவிடம் ஓடினேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நல்லா ஓடற பாப்பா. ஆனா பந்து வந்தா வந்ததும் யாருக்காச்சும் குடுத்துடற. கொஞ்ச நேரம் வச்சிகினு இருந்தாத்தான் என்னா?"

ஜூன் 23, திங்கள்

அப்பா காலையில்தான் கதை சொன்னார். பெல்ட்டில் இரண்டு பேரும் நீ போ, நீ போ என்று நின்றிருக்கிறார்கள். அப்பா அங்கேயே உட்கார்ந்து அசையவில்லை. கடைசியில் இன்சார்ஜ் சிரித்துவிட்டு, டவுன்ஷிப் போகிற ஜீப்பில் மாமாவை ஏற்றிவிட்டாராம்.

அப்பா ஸ்கோர் கேட்கவில்லை. மாமா என்ன சொன்னார் என்றுதான் கேட்டார். சொன்னேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

பெட்டியில் இடமில்லை. பலாப்பழம் சுளையாகி டப்பாவில். அம்மா விடுவதாக இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

வந்து சேர்ந்து ஒரு வாரம். இங்கே இரவு ஒன்பதுக்கும் வெளிச்சம். சுளை சுங்கத்தைத் தாண்டிவிட்டது. அறைத்தோழி மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று தின்றாள்.

அப்பா படம் அனுப்பியிருக்கிறார். மாமாவின் முதல் சாயங்காலம். எங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு டீ. நேற்று ரிட்டையர்மென்ட்டுக்குப் போட்ட மாலையை இன்னும் கழற்றவில்லை. பக்கத்தில் நீலச் சட்டையில் அப்பா.

பயிற்சி தொடங்கியது. பந்து என்னிடம் வந்தது. கோச், சீக்கிரம் என்றார். வைத்திருந்தேன். மறுபடி கத்தினார்.

இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.