அப்பாவின் வருத்தம்

2006 மார்கழி, செவ்வாய்

அத்தானோட குடல் வருத்தத்துக்காகக் கண்டி கிளினிக்குக்குப் போனோம். யாருக்குக் கேன்சர் வரும்னு இரத்தத்திலேயே பரம்பரை அடையாளம் தேடுறாங்களாம். குடும்பத்தில யாருக்காவது இருந்ததான்னு டொக்டர் கேட்டார். அத்தான் இல்லைன்னார். எங்கப்பா குடல் கேன்சர்லதான் போனார்னு நான் சொன்னேன். நீங்க மனைவி, உங்க பக்கத்து நோய் இவருக்குச் சேராதுன்னு டொக்டர் சிரித்தார்.

"எங்கப்பா இவருக்குச் சொந்தத் தாய்மாமன்."

சிரிப்பு நின்றது. "அப்ப இவருக்கு மட்டுமில்ல, உங்களுக்கும் குடலுக்குள்ள கெமரா விட்டுப் பார்க்கணும்."

திரும்பும்போது செக்பொயின்டில் ஆமிக்காரங்க சோதிக்க எல்லாரும் பஸ்ஸை விட்டு இறங்கினோம். ஆம்பளைங்க ஒரு வரிசை, பொம்பளைங்க ஒரு வரிசை. இத்தனை வருஷம் கெமராவே வேணாம்னு அடம்பிடித்த மனுஷன், அந்த வரிசையிலிருந்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல செஞ்சுக்குவோம் புள்ள. மொதல்ல நான் படுக்கிறேன். வலிக்குதான்னு பாத்துச் சொல்றேன்."