விண்ணப்பத்தில் இறந்துபோன மாமா

ஜெனி,

நீ டெல்லிக்குப் போய்ப் படிப்பது பற்றி நேற்று நான் கத்தியது இருக்கட்டும். மேசையில் இருந்த உன் விண்ணப்பக் கட்டுரையைப் படித்தேன். அம்மா இறந்தது உண்மை. அந்த இரக்கம் போதாதென்று அருள்தாஸ் மாமாவையும் சாகடித்திருக்கிறாய். அவர் மதியம் ஆலங்குடியிலிருந்து சாப்பிட வருகிறார், தாளை ஒளித்துவை. மீன்குழம்பைச் சூடாக்கிக் கொடு.

மண்ணெண்ணெய் விளக்கில் படித்தாயாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது.

“உலகை வெல் மகளே” என்று அம்மா கடைசியாகச் சொல்லவில்லை. நீ டீ வாங்கப் போனபோது ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னது இதுதான்: “அவள எங்கிட்டாச்சும் தூரமாப் படிக்க அனுப்பிருங்க. ஒங்க சமையலத் தின்னா எம்புள்ள எளச்சுப் போயிரும்.”

அதை எழுது.

- அப்பா

பி.கு.: இதை ஒரு வருடமாக உன்னிடம் மறைத்தது என் பொய். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.