கழுதைக்குட்டிக்கு, என் கையால்

என் கழுதைக்குட்டிக்கு,

அப்பா சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகந்தானே? இது நானே எழுதும் முதல் கடிதம்! இதுவரை எழுதித் தந்த மேஸ்திரியிடம் உன் செல்லப்பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு, ‘அன்புள்ள மகளுக்கு’ என்றே போடச் சொன்னேன்.

நேற்று எங்கள் கம்பெனி சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கும்போது, ஊரில் பிள்ளைகளை எப்படிச் செல்லமாகக் கூப்பிடுவோம் என்று பேச்சு வந்தது. வேறு தேசத்துக்காரர் ஒருவர் தன் மகளை ‘என் முட்டைக்கோஸ்’ என்பாராம். இன்னொருவர் ‘என் ஈரல்’ என்பாராம். நான் உன் செல்லப்பெயரைச் சொன்னதும், “பெத்த பொண்ணைக் கழுதைங்கிறீங்களே, பெரியவரே!” என்று ஒரே சிரிப்பு.

“உங்க கோஸை விட என் கழுதை அழகுய்யா!” என்றேன்.

நீ இப்போது ஊர் மதிக்கும் டீச்சர். இந்தப் பெயர் இனி வேண்டாமென்றால் தயங்காமல் சொல்லிவிடு.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது. எதுவானாலும் பெரிய எழுத்தில் நாலு பக்கமாவது எழுதம்மா. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நானே எழுத்துக்கூட்டிப் படிப்பேன்.

அப்பா