திரை கறுத்த வெள்ளிக்கிழமைகள்

மைனி,

இன்று காலை, காப்பிக்குப் பிறகு, குடும்பத்தின் முழு ஒப்புதலுடன் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. கம்ப்யூட்டரின் சி.பி.யு. பெட்டிக்கு மறுபடியும் மூடி போடுவது என்பதே அது. குடும்பம் என்பது நானும் என் மனைவியும். "என்னத்தையாம் செய்யுங்க" என்று அவள் சொன்னதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். எதிர்ப்பு எதுவும் பதிவாகாததால் தீர்மானம் உடனே நடைமுறைக்கு வந்தது. பீரோவின் அடித்தட்டிலிருந்து சிவப்பு வெல்வெட் மூடியை எடுத்து உதறி, பெட்டியின் தலைவழியே போட்டு, முன்பக்கத் துளை பட்டனுக்கு நேராக வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. நீங்கள் அளவெடுத்துத் தைத்தது அல்லவா.

பெட்டி சூடானதும் துணியிலிருந்து வாசம் கிளம்பியது. முதலில் பாச்சை உருண்டை. அது தணிந்த பிறகு சாம்பிராணி. ஊர்க் கோயில் மாதா தேருக்கு எடுத்த வெல்வெட்டில் மிஞ்சிய துண்டு என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. விளிம்பில் பொன் ஜரிகையும் உண்டு. இந்த மாவட்டத்தில் இவ்வளவு மரியாதையுடன் வைக்கப்பட்ட கம்ப்யூட்டர் வேறு இருந்திருக்காது.

அண்ணன் பஹ்ரைனில், அவன் மனைவி நீங்கள் இனயத்தில், நடுவில் அந்தக் கம்ப்யூட்டர். கிராபிக்ஸ் கார்டை அவன் லீவில் வந்தபோது கொண்டுவந்தான். கம்பளிப் போர்வைக்குள் சுருட்டி, பால்பொடி டின்களுக்கு நடுவே, பச்சைப்பிள்ளையைப் போல. அதைப் போட்டால் வீடியோ அழைப்பில் முகம் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரியும் என்று அங்கே ஒரு கடைக்காரர் அவனிடம் சொல்லியிருந்தார். முகம் தெரிவது கேமராவையும் இன்டர்நெட்டையும் பொறுத்தது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு, நல்ல கார்டு என்றேன். மார்த்தாண்டத்திலிருந்து மெக்கானிக் வந்து பொருத்தினார். மானிட்டர் வயரை மதர்போர்டில் அதுவரை செருகியிருந்த பழைய இடத்தில் யாரும் தவறிச் செருகிவிடக் கூடாது என்று ஒரு துண்டு டேப் ஒட்டி மூடினார்.

இனயத்தில் கடல் வீட்டுக்குள் வந்து போகும். ஜன்னல் கம்பி, சைக்கிள், டிவி எதையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. அதனால் எல்லாப் பொருளுக்கும் சட்டை உண்டு; மிக்சிக்கு, டிவிக்கு, கேஸ் சிலிண்டருக்குக்கூட. மற்ற வீடுகளில் பொருளைப் பயன்படுத்தும்போது சட்டையைக் கழற்றுவார்கள். நீங்கள் கழற்றவில்லை.

"ஓடும்போதுதானே மக்கா அது காத்த இழுக்கும்? அப்பந்தானே உப்பு உள்ள போவும்?" என்றீர்கள்.

இந்த வாதத்தில் என்னால் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு விடுமுறை. அழைப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் திரை கறுக்கும். குரல் மட்டும் வந்துகொண்டிருக்கும். பிறகு திரை திரும்பும். மூலையில் சிறியதாக ஓர் அறிவிப்பு வரும். டிஸ்ப்ளே டிரைவர் இயங்காமல் நின்றுவிட்டது, இப்போது மீண்டுவிட்டது என்று. மீண்டது அது மட்டும்தான். இரண்டு பக்கப் படமும் உறைந்தே நிற்கும். அழைப்பை முடித்துக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால்தான் மறுபடி முகம் அசையும்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது குடும்பத்தின் நம்பிக்கை. நான் வேலை பார்க்கும் கல்லூரியின் அலுவலகத்தில், பிரிண்டரில் சிக்கிய தாளை ஒருமுறை கிழியாமல் எடுத்துவிட்டேன். அந்தச் செய்தி கடற்கரைவரை வந்திருந்தது. எனவே பஸ் ஏறி வந்தேன். டிரைவரை நீக்கினேன். சேஃப் மோடில் போய் மிச்சத்தைத் துடைத்தேன். சி.டி.யில் இருந்ததைப் போட்டேன், புதியதை இறக்கினேன், புதியது மோசம் என்று பழையதற்கே திரும்பினேன். கார்டைக் கழற்றி அதன் தங்க நிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன்.

"டிரைவர மாத்தியாச்சு இல்லியா? இனி கண்டக்டரையும் மாத்திப் பாரு மக்கா" என்றீர்கள். சாளை மீன் வறுத்துத் தட்டில் வைத்துக்கொண்டே, "ஒனக்க காலேஜில இதுக்கும் பட்டம் குடுக்காவளா?" என்றும் கேட்டீர்கள்.

பெட்டியைத் திறக்க ஒவ்வொரு முறையும் மூடியை எடுத்துக் கட்டிலில் போடுவேன். வேலை முடித்துச் சோதித்தால் திரை கல்லுப்போல நிற்கும். வெற்றியை அறிவிப்பேன். நீங்கள் மூடியைப் போடுவீர்கள். நான் பஸ் ஏறுவேன். வெள்ளிக்கிழமை திரை கறுக்கும்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை நானும் இருந்தேன். பேச்சுக்கு நடுவே தெரியாமல் பெட்டிமேல் கையை ஊன்றி, வெடுக்கென்று எடுத்தேன். அண்ணன் ஏ.சி. மெக்கானிக். அங்கிருந்தே பார்த்துவிட்டான்.

"சூடாலே? எதையாம் போத்தி வச்சிருக்கியளா?"

நான் வெல்வெட்டைத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டினேன். அவன் சிரித்த சிரிப்பில் பஹ்ரைன் அறையில் படுத்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"ஏட்டி, நான் இங்க ஊருக்கெல்லாம் ஏ.சி. மாட்டுகேன். நீ எனக்க வீட்டு மெசின வெல்வெட்டு போத்திப் படுக்க வச்சிருக்கியா?"

அன்றிலிருந்து ஓடும்போது மூடி கழற்றப்பட்டது. திரை கறுக்கவில்லை. டிரைவர் பாவம், எந்தக் குற்றமும் செய்யாமல் அத்தனை முறை நீக்கப்பட்டிருந்தது.

அடுத்த மழைக்கு முன்னால் நீங்கள் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். கூட வந்தது நான். முடிவைச் சொல்லிவிட்டார்கள். திரும்பும் பஸ் கேரள எல்லையில் களியக்காவிளையைத் தாண்டியதும் சொன்னீர்கள்:

"கிறிஸ்மசுக்கு ஒனக்க அண்ணன் லீவு எழுதிக் குடுத்திருக்காவ. அதுவர சொல்லாண்டாம்."

"மைனி..."

"சொன்னா நாளைக்கே கெளம்பிருவாவ. பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன் கையில. சண்ட போட்டுட்டு வந்தா பெறவு எங்க போவாவ? நாலு மாசந்தானே. நான் இருப்பேன்."

ஊசி மருந்து தொடங்கி, முடி தலையணையில் உதிரத் தொடங்கிய வாரத்தில் அண்ணன் எனக்குப் போன் செய்தான். "ஏலே, கம்ப்யூட்டருக்குப் பழைய தீனம் திரும்ப வந்திட்டு. போய்ப் பாரு."

சட்டைப்பையில் பென்சில் ரப்பருடன் வந்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் வெல்வெட் மூடி இருந்தது. பழக்க தோஷம் என்று நினைத்து எடுக்கப் போனேன்.

"இருக்கட்டு" என்றீர்கள்.

உங்களைப் பார்த்தேன். கோயிலுக்குப் போடும் முக்காடு தலையில் இருந்தது. அன்று கோயில் இல்லை.

"கேமரா கேடுன்னு சொல்லிரலாமே மைனி."

"பொய்யா? சனிக்கெழம சாமியாருக்க முன்ன முட்டுக்குத்தி நிக்கணும். நான் ஒண்ணும் சொல்லல. நின்னுபோச்சுன்னு மெசினே எழுதிக் காட்டுகு."

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவேண்டுமா என்று நான் கேட்டேன். துணி போர்த்துவது பாவம் என்று எந்த மறையுரையிலும் கேட்டதில்லை என்றீர்கள். மறையுரைகளை என்னைவிட அதிகம் கேட்டவர் நீங்கள்.

பிறகு எல்லா வெள்ளிக்கிழமைகளும் ஒரே ஒழுங்கில் கழிந்தன. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, முகம் நிழலில் விழும்படி, திரையிலிருந்து தள்ளி உட்காருவீர்கள். சாப்பாடு, மழை, நெத்திலி விலை. திரை கறுக்கும். உடனே நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, கறுத்த கண்ணாடிக்கு முகம் கொடுத்துக் கேட்பீர்கள்: "இருக்கியளா?"

"இருக்கேன், ஏட்டி."

அதற்குப் பிறகுதான் பேச்சு. வெளியறையில் பேப்பர் படிப்பவனாக நான் இருந்தேன். கல்யாணத்தன்று அண்ணனின் செருப்பு அறுந்து, கோயில் நடையில் ஒற்றைச் செருப்போடு நின்றதை ஒருநாள் சொன்னீர்கள். முதல் தடவை அவன் விமானம் ஏறிய பிறகு அவன் அழுக்குச் சட்டையை ஒரு மாதம் துவைக்கவில்லை என்று இன்னொருநாள். படம் இருந்த காலத்தில் இதெல்லாம் நான் கேட்டதில்லை. அவனும் கேட்டதில்லை என்று அவன் மௌனத்திலிருந்து தெரிந்தது. இடையிடையே அதே கேள்வி வரும். "இருக்கியளா?"

அண்ணன் என்னை விடவில்லை. "டிரைவர் பாத்தியாலே?" என்பான். பார்த்தேன் என்பேன். "என்னவாம்?" சூடு என்பேன். "ம்" என்பான். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உங்கள் வழி அவ்வளவு சுத்தமானது. ஆனால் ஓர் ஏ.சி. மெக்கானிக்கிடம் சூடு என்று சொன்னால் அடுத்து அவன் என்ன கேட்கவேண்டும் என்பது நமக்குத் தெரியும். அவன் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நான் வந்தபோது மூடி மடித்து உங்கள் மடியில் இருந்தது. முக்காடும் இல்லை. நாற்காலி திரைக்கு அருகில் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் முழுவதும் உங்கள் முகத்தில்.

"இன்னைக்கு அதும் கொஞ்சம் மூச்சு விடட்டு" என்றீர்கள்.

ஏன் அன்று என்று கேட்கவில்லை. நாலு மாதம் என்பது கொஞ்சம் நீளம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது.

அழைப்பு வந்தது. கடைக்காரர் சொன்னது அன்று மெய்யானது. முகம் கண்ணாடியில் போலத் தெரிந்தது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அசையவுமில்லை. நீங்கள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"படம் நின்னுபோச்சா மக்கா?"

அவனுக்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதன் நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்ல மைனி. ஓடுகு."

"ஏட்டி" என்றான் அண்ணன். "நான் வாறேன்."

கம்பெனியிடம் பாஸ்போர்ட்டை எப்படி வாங்கினான் என்று யாரும் கேட்கவில்லை. கிறிஸ்மசுக்கு முன்பே வந்தான். வாசலில் நட்சத்திர விளக்கை அவன்தான் கட்டினான், நாற்காலியில் இருந்தபடி நீங்கள் "எடப்பக்கமா, இன்னும் எடப்பக்கமா" என்று சொல்லச் சொல்ல. அதைக் கழற்றும்போது நீங்கள் இல்லை.

அண்ணன் இப்போது கத்தாரில், வேறு கம்பெனியில். இனயத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. கம்ப்யூட்டர் மார்த்தாண்டத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டது. இங்கே உப்புக்காற்று கிடையாது, லாரிப்புகை மட்டும்தான். மூடிக்கு அவசியம் இல்லாமல் பீரோவில் வைத்தேன். வந்த நாளிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் ஒருமுறைகூட நிற்கவில்லை. அதுதான் தொல்லை. வெள்ளிக்கிழமை பேசிக்கொண்டே இருப்போம். சாப்பாடு, மழை, பெட்ரோல் விலை. ஒரு கட்டத்தில் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்ப்பான். நானும் பார்ப்பேன். அவன் என்னையும் நான் அவனையும் பார்ப்பதில்லை. திரை தெளிவாக, குற்றம் குறையில்லாமல் நிற்கும். பேய் என்றால் வருவது என்றே எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். வராமலே இருக்கிற வகையை எங்கள் வீட்டில்தான் கண்டேன்.

உங்கள் சொல் ஒன்று என் வாயில் ஒட்டிக்கொண்டது. போனில் எதிர்ப்பக்கம் கொஞ்சம் அமைதியானால், "இருக்கியளா?" என்று என்னையறியாமல் கேட்டுவிடுகிறேன். கல்லூரி முதல்வரிடம் கேட்டிருக்கிறேன். கேஸ் ஏஜென்சியில் ஒரு பெண், "இருக்கேன் சார், நான் எங்க போவேன்?" என்றாள். அவளுக்கு நன்றி சொல்லிப் போனை வைத்தேன். சிலிண்டர் பதிவு செய்ய மறந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை அண்ணன் திடீரென்று கேட்டான்.

"அந்த மூடி இருக்காலே?"

"இருக்கு."

"எனக்கு அப்பவே தெரியும்லே. சூடுன்னு நீ சொன்னப்பவே தெரியும்."

"பெறவு ஏன் கேக்கல?"

"கேட்டா அவ மூடிய எடுத்திருவா. நல்லா இருக்கேன்னு சிரிச்சுட்டு இருப்பா. இருட்டுல பேசுகது நின்னுபோவும்." பிறகு சொன்னான்: "அடுத்த வாரம் அதப் போடு."

அதனால்தான் இன்று காலைத் தீர்மானம்.

மத்தியானம் அழைத்தான். மழை உண்டா என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போது திரை கறுத்தது.

"இருக்கியாலே?"

"இருக்கேன்."

அவன் பேசத் தொடங்கினான். என்னிடம் பேசவில்லை என்பது இரண்டாவது வார்த்தையிலேயே புரிந்தது. நான் எழுந்து வெளியறைக்குப் போய்ப் பேப்பரை எடுத்துவைத்துக்கொண்டேன். சாம்பிராணி வாசம் அங்கேவரை வந்தது. கொஞ்சம் கழித்து அதனோடு கருகல் வாசமும் வந்தது. அண்ணன் பேசி முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

திரை இம்முறை திரும்பவில்லை. மூடியை எடுத்து, பெட்டியை ஆறவிட்டு, கார்டைக் கழற்றினேன். ரப்பரால் தேய்த்தேன். திரும்ப மாட்டினேன். பயனில்லை. கார்டு கருகிவிட்டது. மதர்போர்டில் ஒட்டியிருந்த டேப்பை உரித்துவிட்டு, மானிட்டர் வயரை, கார்டு வருமுன் இருந்த அந்தப் பழைய இடத்தில் செருகினேன். படம் வருகிறது.