ஐம்பதாவது நாள் வராத கட்அவுட்

மஞ்சக்குப்பம், கடலூர்.
ஐப்பசி 24.

திரையுலகின் இடிமுழக்கம், எட்டுத் திசைக்கும் ஏகநாயகன், என் அக்காள் பெற்ற ஒரே பிள்ளை, மருமகன் அறிவழகனுக்குத் தாய்மாமன் ஞானசேகரன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

ஒருவரும் நம்பாத கதை ஒன்றை எழுதப் போகிறேன் என்று இதன்மூலம் சத்தியம் செய்கிறேன். நீ என்றைக்கு மாமன் சொன்னதை நம்பினாய்? உன் மேனேஜர் ஸ்வர்ணலதாவும் நம்புவதில்லை. பதினோரு முறை போன் செய்தேன். சார் ஷூட்டிங்கில் இருக்கிறார் என்று பதினோரு முறையும் ஒரே குரலில் சொன்னாள். எட்டு மாதமாக எந்த ஊரில் என்ன ஷூட்டிங் என்று நானும் கேட்கவில்லை.

விஷயம் உன் கட்அவுட். போன படத்துக்காக உன் ரசிகர் மன்றத் தலைவன் கலியமூர்த்தி தன் வெல்டிங் பட்டறை மனையில் நிறுத்தியது. உயரம் அறுநூறு அடி. துறைமுகத்துக்கு வந்த கப்பல் ஒன்று உன் மூக்கைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்து மஞ்சக்குப்பம் மைதானம் வரை வந்து, வழி கேட்டுத் திரும்பிப் போனது. உன் மீசையில் நாற்பது காக்கைக் குடும்பங்கள் குடியிருந்துகொண்டு, ரேஷன் கார்டு கேட்டு மனு கொடுத்திருக்கின்றன.

உன் முதல் மூன்று படங்களுக்கும் ஐம்பதாவது நாள் வாழை கட்டி, பூசணிக்காய் உடைத்து, மேளத்தோடு கட்அவுட்டை இறக்கினார்கள். அப்படித்தான் இறக்க வேண்டும் என்பது மன்றத்துச் சட்டம். அடுத்த இரண்டு படங்களும் காலைக் காட்சியை மட்டும் பிடித்துக்கொண்டு தட்டுத் தடுமாறி ஐம்பதைத் தொட்டன. போன படத்தை ஆறாம் நாளே தியேட்டரை விட்டு எடுத்துவிட்டார்கள். ஐம்பதாவது நாள் எங்கிருந்து வரும்? அது வராமல் கட்அவுட் எப்படி இறங்கும்? "நாமளா இறக்குனா படம் ஊத்திக்கிச்சின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் மாமா. தலைவரு வாயால சொல்லட்டும், இறக்கிடுறேன்" என்கிறான் கலியமூர்த்தி. அவனுக்கும் ஸ்வர்ணலதாவின் அதே பதில்தான்.

உன்னைத் தாங்கும் சவுக்குக் கழிகளைக் கறையான் தின்றுவிட்டது. வாரத்துக்கு ஒரு முழம் சாய்கிறாய். முதலில் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இப்போது தரையைப் பார்க்கிறாய்.

சிதம்பரம் கீழவீதியில் நின்ற உன் கட்அவுட் போன செவ்வாய்க்கிழமை விழுந்தது. அன்றைக்குக் காற்றுகூட இல்லை. ஆட்டோ ஓட்டும் பாலகுமாருக்குத் தோள்பட்டை நொறுங்கிப் போனது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். "தலைவரே எம்மேல சாஞ்சிட்டாரு, யாருக்குக் கெடைக்கும்?" என்று சிரித்தான். அவன் மனைவி அனுப்பிரியா, நான் கொண்டுபோன சாத்துக்குடியை வாங்கவில்லை. நான் யாருக்கு மாமன் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. சாயங்காலம் ஐந்து மணியானால் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய் உனக்குக் கீழே உட்கார்ந்துவிடுகிறாள். கையைப் பிடித்து இழுத்தாலும் வருவதில்லை. "குனிஞ்சி எங்கிட்ட என்னமோ சொல்ல வரான்டா. இரு, கேட்டுட்டு வரேன்" என்கிறாள்.

இன்று காலை துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். வியாழக்கிழமைக்குள் காற்று வந்துவிடுமாம். அதனால்தான் உன் அத்தை இளவரசியே இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள். அவளை கேட்டில் நிற்க வைக்காதே. அவள் எதிரிலேயே கலியமூர்த்தியைக் கூப்பிடு. படம் ஓடவில்லை, இறக்கிவிடு என்று சொல். உன் வாயால் சொன்னால்தான் அவன் கேட்பான். சொல்லிவிட்டு அடுத்த படத்தில் மலையைப் பெயர்த்து எடு, விசிலடிக்க முதல் வரிசையில் நான் இருக்கிறேன்.

கப்பல் வந்தது பொய். காக்கைகளின் மனு பொய். அறுநூறு அடி இல்லை, அறுபது. வாரத்துக்கு முழம் இல்லை, நாலு விரல். பாலகுமார் சிரித்தான் என்றேனே, அதுவும் பொய், அழுதான். அக்காவின் நாற்காலி என்கிற சின்னச் சங்கதியை மட்டும் நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நீ நூறு வயசு இருக்கணும். உன் அம்மாவும் இருக்கணும்.

உன் மாமன்,
ஞானசேகரன்